பிரிலூடோடு நிறுத்திவிடாதீர்கள்

கிட்டார் வாங்கிய ஆறாவது மாதம் எல்லோரும் 'இளைய நிலா பொழிகிறதே' பிரிலூடை, அதாவது பாட்டு தொடங்குமுன் வரும் கிட்டார் இசையை, வாசித்துவிடுகிறார்கள். நானும் வாசித்தேன். ஹாஸ்டல் அறையில் நாலு பேர் கூடிவிட்டார்கள். பல்லவி வர வேண்டிய இடத்தில் கையை எடுத்துவிட்டு, "இவ்வளவுதான்டா தெரியும்" என்றேன். இருபது வருடம் கழித்தும் ரீல்ஸில் அதே இடத்தில்தான் எல்லோரும் கையை எடுக்கிறார்கள்.

(இந்தப் பாட்டு 1982. அடுத்த வருடமே கிஷோர் குமார் குரலில் 'நீலே நீலே அம்பர் பர்' ஆகிவிட்டது. அலுவலகத்தில் வாசித்தால் வடக்கத்தி நண்பர்கள் "அட, நம்ம பாட்டு" என்பார்கள். சண்டை போட்டு அலுத்துவிட்டது.)

பிரிலூட் சுலபம், ஏனென்றால் அது கிட்டாருக்காகவே எழுதியது. அதற்கப்புறம் எஸ்பிபி வருகிறார். அவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, மெல்லப் பெருக்கி, ஓரத்தில் ஒரு அசைவு கொடுத்து விடுவார். கிட்டார் கம்பியோ தட்டிய நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். தேய்வதை மறைக்கத்தான் பலர் நடுவில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அடிப்பது) கார்டாக அடித்து நிரப்புகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் பாட்டு கெடுகிறது.

இளையராஜா பாட்டில் பேஸ் (bass) என்பது கீழ்ச்சுரங்களில் ஓடுகிற இன்னொரு மெட்டு. குரல் நிற்கும்போது அது நடக்கும். அதனால் தனி கிட்டாரில் மெட்டையும் பேஸையும் காப்பாற்றுங்கள், நடுவில் இருக்கிற கார்டு பாதி போனாலும் பரவாயில்லை. மெட்டு மேல் கம்பிகளில், பேஸ் கட்டைவிரலில். நீண்ட சுரம் தேயும்போது கட்டைவிரல் நகர்ந்தால் காது தேய்வதைக் கவனிக்காது. அசைவுக்கு, விரலை எடுக்காமல் ஒரு ஃப்ரெட்டிலிருந்து (கிட்டார் கழுத்தில் இருக்கும் கட்டம்) அடுத்ததற்கு வழுக்கினால் ஓரளவு வரும். முழுசாக வராது, வரவில்லையே என்று அழவும் வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், நம் அக்கூஸ்டிக்கின் அடிக்கம்பி 82. ஒரு ஸ்தாயி மேலேதான் வாசிக்கிறோம். அதன் மேல், ஒரிஜினல் சுருதிக்காக மூன்றாவது ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் அடிச்சுரமும் மூன்று படி ஏறிவிடும், கனம் போய்விடும். பாட வராத என்னைப் போன்றவர்களுக்கு ஒரிஜினல் சுருதி எதற்கு? கேபோவைக் கழற்றுங்கள். டி (D) சுருதியில் வைத்து வாசிப்பதானால் ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். அந்தக் கம்பி அதிரும்போது மரம் வயிற்றில் அதிரும், அதுவே போதும்.

பேக்கிங் டிராக்கை (முன்பே பதிவான பின்னணி இசை) ஓடவிட்டு மேலே மெட்டை மட்டும் வாசித்துவிட்டு 'சோலோ' என்று போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. நானும் ஒருமுறை ஒரு கல்யாண ரிசப்ஷனில் அப்படிச் செய்தவன்தான். சரணத்தின் நடுவே போனில் அழைப்பு வந்து ஸ்பீக்கர் முழுக்க ரிங்டோன் அலறியது. டிராக் நின்றதும் என் கையில் ஒற்றைக் கம்பி மெட்டு மட்டும் அம்மணமாக நின்றது. மணமேடையில் மாப்பிள்ளையே சிரித்துவிட்டார்.

இப்போது 'என் இனிய பொன் நிலாவே' எடுத்திருக்கிறேன். 1980-இல் 'மூடுபனி'க்காக யேசுதாஸ் பாடியது. இரண்டு வாரமாக மெட்டைத் தொடவே இல்லை, கட்டைவிரலுக்குப் பேஸ் மட்டும், பாதி வேகத்தில். நேற்று இரவு வாசித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மனைவி பல்லவியை எடுத்தாள். சுருதி கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது, ஆனால் சரியான இடத்தில் எடுத்தாள்.