முதலில் உங்கள் இலையைப் பாருங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக என் தலையை உருட்டுகிறவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். காங்கயத்துக் காதுகுத்து விருந்தில் நான் சொன்னது ஒரே ஒரு வரி: "அண்ணா, முதலில் உங்கள் இலையைப் பாருங்கள்." அதைப் பந்தியில் சொல்லியிருக்கக் கூடாதாம். ஆனால் அண்ணன் தன் நாலு வயது மகனின் தொடையைக் கிள்ளி, "பொரியலைத் தின்னடா" என்று பந்தியே திரும்பிப் பார்க்க அதட்டலாமாம். அதட்டியவரின் இலையோரத்தில் அதே பீன்ஸ் பொரியல் தொடாமல் கிடந்தது.

பக்கத்து இலையைப் பார்த்துத்தான் பிள்ளை சாப்பிடுகிறது. இதைச் சொல்ல எனக்குப் படிப்புத் தேவையில்லை. எங்கள் அப்பா பாகற்காயைத் தொட மாட்டார். எனக்கு 43 வயது, அண்ணனுக்கு 46. இருவரும் இன்று வரை பாகற்காயைத் தின்றதில்லை. அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா வீட்டில் கதை வேறு. கொள்ளை வேகவைத்து, வடித்த நீரில் ரசம் கூட்டி, பருப்பை மத்தால் கடைந்து, சுடுசோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தின்போம். "சாப்பிடு" என்று அம்முச்சி ஒரு நாளும் சொன்னதில்லை. தட்டோரத்தில் ஒரு விரற்கடை வைப்பார். வேண்டாமென்றால் அது அங்கேயே இருக்கும். மறுவாரமும் வைப்பார். புதிய உணவு ஒன்றைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து முறை, சில சமயம் அதற்கு மேலும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதும் இதைத்தான். நம் வீடுகளில் இரண்டாம் முறையே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதி, கையில் அலைபேசியைக் கொடுத்துவிடுகிறோம். இந்த வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அண்ணன் மகன் காலைச் சிற்றுண்டியிலேயே அந்தக் கணக்கை முடித்துவிடுகிறான்.

வேலைக்குப் போகிற நங்கைக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, நேரம் எங்கே என்று கேட்கிறீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரை நான் ஏன் குறை சொல்லப்போகிறேன்? நான் பேசியது அவருடைய இலையைப் பற்றியா? அப்பாவின் இலையைப் பற்றிச் சொன்னால் அம்மாவைத் திட்டிவிட்டேன் என்று எப்படித்தான் மாற்றுகிறீர்களோ!

சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வழவழப்பும் வாசனையும் ஒத்துக்கொள்ளாது என்றார் ஒரு சித்தப்பா. உண்மைதான், அவர்களை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அண்ணன் மகன் அப்படியில்லை.

அங்கன்வாடியில் 14 வருடமாகச் சோறு போடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் முட்டை. "இவளுக்கு முட்டை வாசமே ஆகாது" என்று தாய் சொல்லிவிட்டுப் போன பெண், நாலாவது வாரம் பக்கத்துப் பையன் மஞ்சள் கருவை நக்குவதைப் பார்த்துவிட்டுத் தானாகக் கை நீட்டினாள். நான் வாயே திறக்கவில்லை.

இதைக் குழுவில் எழுதியதற்குத்தான் இந்தப் பதில் வந்தது: "பெற்று வளர்த்திருந்தால் தெரியும்." அதற்கு ஆறு பேர் கட்டை விரல் உயர்த்தியிருந்தார்கள். அண்ணனும் ஒருவர். சீர் செய்யும்போது என்னைப் பின்னால் நிற்கச் சொல்வது பழகிவிட்டது. சோற்றைப் பற்றிப் பேசவுமா எனக்கு உரிமையில்லை? நங்கை மறுபடி வேலைக்குப் போனபோது அந்தப் பிள்ளை எட்டு மாதம் என் வீட்டில்தான் வளர்ந்தான். கொள்ளுப் பருப்பு பிசைந்து முதல் வாய் ஊட்டியது இந்தக் கை. அப்போது யாரும் எனக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்கவில்லை.

குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு வருகிறவர்கள் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அரிசியும் பருப்பும் ஆக்கி வைக்கிறேன். அண்ணன் வந்தால் பீன்ஸ் பொரியலும் உண்டு.