நன்றி மேல்நோக்கி மட்டும்தான் போகுமா?

புத்தகக் கடைகளில் இப்போது நன்றி டைரி என்று ஒன்று விற்கிறார்கள். கெட்டி அட்டை, ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கோடு, தூங்கப் போகும்முன் இன்றைக்குக் கிடைத்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும். என் நண்பர்கள் சிலர் எழுதுகிறார்கள், ஒருவர் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸும் வைக்கிறார். கிண்டல் செய்யவில்லை, இதற்கு ஆதாரமே இருக்கிறது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியதை எழுதி வந்த மாணவர்கள், அன்றாட எரிச்சல்களை எழுதி வந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கை நன்றாகப் போவதாகச் சொன்னார்கள். சரி, எழுதட்டும்.

என் பிராது வேறு. அந்த டைரியில் மழை இருக்கிறது, நல்ல காபி இருக்கிறது, பிரபஞ்சத்துக்கு நன்றி என்று இருக்கிறது. காபி போட்டவர் இல்லை. தன் காபி ஒருவர் டைரியில் ஏறிய சங்கதி அவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

ஆனால் நம் ஊரில் நன்றி சொல்லத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. திரும்பிய பக்கமெல்லாம் நன்றி பேனர்தானே. நம் வரிப்பணத்தில் போட்ட ரோட்டுக்கு நன்றி, தெருவிளக்குக்கு நன்றி, கும்பிட்டபடி வார்டு நிர்வாகிகள் வரிசையாக, நடுவில் தலைவர். பள்ளிக்கூட ஆண்டு விழாவின் நன்றியுரையைக் கேட்டுப் பாருங்கள். சிறப்பு விருந்தினர், தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்று படிப்படியாக இறங்கி, "ஒலி ஒளி அமைத்துக் கொடுத்த" என்று வரும்போது கூட்டம் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் மைதானத்தைக் கூட்டியவர்களின் பெயர் அந்தத் தாளிலேயே இருக்காது. நம் நன்றி தண்ணீருக்கு நேர் எதிர், மேட்டைப் பார்த்தே ஓடுகிறது.

எங்கள் தேனிப் பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15, பொங்கல் சமயம். பாலார்பட்டியில் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு, லோயர் கேம்ப்பில் 2013ல் மணிமண்டபமும் வந்துவிட்டது. 1895ல் அணை முடிந்து மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே திரும்பியிராவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் இரண்டு போகத்தை நினைத்துப் பார்க்க முடியாது. அவருக்கு வைக்கும் பொங்கலில் ஒரு பருக்கையைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்டில் எட்டு வருஷம் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் சுமந்தவர்கள், மலேரியாவிலும் காலராவிலும் அங்கேயே செத்துப் புதைந்த கூலிக்காரர்கள், அவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கும் தெரியாது. அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைத்தான் சின்ன வயதிலிருந்து தின்றேன்.

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் மாடியில் நின்று கை தட்டினோம், தட்டைத் தட்டினோம், மருத்துவர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி என்று. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 19 அன்று ராத்திரி, கொரோனாவில் இறந்துபோன ஒரு மருத்துவரைப் புதைக்கவிடாமல் இதே சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸை அடித்து விரட்டியது. கூட வேலை பார்த்த மருத்துவரே மண்வெட்டியைப் பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. தட்டைத் தட்டியவர்களும் கல் எறிந்தவர்களும் ஒரே ஆட்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தத் தட்டுச் சத்தம் அவரைக் காப்பாற்றும் அளவுக்கு ஆழமாக எங்கேயும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மேலே போகும் நன்றிக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதைக் கயிறாக்கி இழுக்கலாம். சம்பளம் கூட்டிக் கேட்டால் "உன்னை ஆளாக்கினதே நான்தான்", சொந்தமாக முடிவெடுத்தால் "இதுக்காகத்தான் படிக்க வச்சேனா". அந்தக் காலத்தில் களத்துமேட்டில் எல்லாருக்கும் நெல் அளந்து கொடுத்தோம், என்ன ஒரு நன்றியுணர்வு என்று ஒரு பெரியவர் அடிக்கடி பதிவு போடுவார். ஐயா, வருஷம் முழுக்க உங்கள் துணியை வெளுத்தவருக்கும் முடி வெட்டியவருக்கும் அது கூலி. கூலியைத் தருமம் மாதிரி கொடுத்ததும், அவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்க வேண்டியிருந்ததும் அந்தப் பதிவில் வராது.

அதனால் அன்றாடம் நன்றி பழகுவது என்றால் என் கணக்கில் இதுதான்: மேலே பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கீழேயும் பக்கத்திலும் திரும்பி, குறிப்பிட்ட ஆளிடம், அவர் செய்த குறிப்பிட்ட காரியத்தை அவர் காதுபடச் சொல்வது. முடிந்தால் அவருடைய மேலதிகாரி காதிலும் போட்டுவைப்பது. போன ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் கரண்ட் போய், நடுராத்திரியில் ஒரு லைன்மேன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சரிசெய்துவிட்டுப் போனார். மறுநாள் பிரிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"கம்ப்ளைண்ட் நம்பர் சொல்லுங்க."

"கம்ப்ளைண்ட் இல்ல சார், நேத்து வந்தவர் நல்லா வேலை பார்த்தார்னு சொல்லத்தான்."

"சரி சார், இப்ப கரண்ட் இருக்கா இல்லையா?"

மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது. அப்புறம் அவர் குரலே மாறிவிட்டது. அந்த லைன்மேன் பெயரைச் சொல்லி, பக்கத்தில் யாரிடமோ "டேய், இவனுக்கு ஒருத்தர் பாராட்டி போன் பண்ணியிருக்கார்டா" என்றார்.

இப்படிச் சொல்வதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது, நடிப்பு என்று நினைத்துவிடுவார்களோ என்று. வீட்டில் சொன்னால் கேட்கவே வேண்டாம், "என்ன, பணம் ஏதாவது வேணுமா?" என்றுதான் முதலில் வரும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018ல் இதையே சோதித்து எழுதியிருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாகவே பயந்தார்கள். வாங்கியவர்களுக்கோ அவ்வளவு சங்கடமெல்லாம் இல்லை, எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். ஆக கூச்சம் முழுக்க நம் பக்கத்துச் சரக்கு.

ஆனால் வாயால் சொன்னதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் மாடிக் கைத்தட்டல்தான். போன தீபாவளிக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குரூப்பில் இனாம் பேச்சு வந்தது. குப்பை எடுக்க வருகிறவர்களுக்கு வீட்டுக்கு எவ்வளவு என்று பெரிய விவாதம், நூறு கொடுத்தால் பழக்கிவிடுவோம் என்று ஒருவர், ஸ்வீட் பாக்ஸ் போதும் என்று இன்னொருவர். காலையில் பேட்டரி வண்டி வந்தபோது நானும் ஒரு பாக்ஸை நீட்டினேன். அந்த அக்கா சிரித்துக்கொண்டே வண்டியின் முன்பக்கத்தைக் காட்டினார். ஹேண்டில் பாரிலிருந்து காலடி வரைக்கும் ஸ்வீட் பாக்ஸ்தான். "வைக்க இடமில்ல சார். சம்பளம்தான் இன்னும் ஏறல, காண்ட்ராக்ட்ல கேட்டா நாளைக்குங்கறாங்க."

தீபாவளிக்குச் சம்பளம் இல்லாமல், ஒரு தெருவின் மொத்த நன்றியையும் மைசூர்பாகாகச் சுமந்துகொண்டு நிற்கிறார். இதைக் குரூப்பில் எழுதி, நாற்பது வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு, சம்பளம் ஏன் தாமதம் என்று வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் மனுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கைகூப்பும் பொம்மை நிறைய வந்தது. கையெழுத்து ஆறு.

ஆறு பேர் போய்க் கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. அடுத்த தீபாவளிக்குள் மற்ற வீடுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்பதாக இருக்கிறேன். உங்கள் தெருவில் யாராவது இப்படிச் சேர்ந்து கேட்டு நடந்திருந்தால், யாரிடம் போனீர்கள், எந்த அலுவலகம், என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், உபயோகமாக இருக்கும்.