பழம்தானே என்று தினமும் தேய்க்கலாமா?
‘பழத்தால் ஆனது, அதனால் தினமும் தேய்க்கலாம்’ என்று, இறந்த செல்களை நீக்க முகத்தில் தேய்க்கும் பழக் கலவை (ஸ்க்ரப்) பற்றிய கட்டுரையில் வரும் வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நானும் அப்படி நம்பி, பப்பாளிக் கூழில் சர்க்கரை கலந்து பத்து நாள் விடாமல் முகத்தில் தேய்த்தவள்தான். முதல் மூன்று நாள் முகம் பளபளத்தது. ஒரு வாரத்தில் கன்னம் சிவந்து, வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம் ஆகிறது. தினமும் சுரண்டினால் உதிர வேண்டிய இறந்த செல்களோடு, இருக்க வேண்டியவையும் போய்விடுகின்றன. பப்பாளியில் உள்ள பப்பைன் என்ற நொதி இறந்த செல்களில் உள்ள புரதத்தைச் சிதைக்கக்கூடியது, அதனால் அதை அழுத்தித் தேய்க்கவே வேண்டியதில்லை. (அந்த நொதி காயில்தான் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். காயின் பாலை முகத்தில் பூசிப் பார்த்துவிடாதீர்கள், புண்ணாகிவிடும்!) சர்க்கரையாவது கரைந்துவிடும், சில ஸ்க்ரப்களில் சேர்க்கும் கொட்டை ஓட்டுத் தூள் கரையாது, கீறும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் எலுமிச்சைச் சாற்றையும் சேர்க்கச் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம். அதன் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 2-ஐ ஒட்டியது, தோலுடையதோ 5-ஐ ஒட்டியது. சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் வரலாம். பொலிவு தேடிப் போனவருக்கு இது தேவையா? இப்போது நான் வாரம் ஒரு முறை, நன்கு மசித்த கனிந்த பழத்தை மட்டும் பூசி, 5 நிமிடத்தில் கழுவிவிடுகிறேன். அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகுதான் முகத்துக்குக் கொண்டுபோனேன்.