அது ஒரு வாரத்துல நின்ன நாடகம் இல்லை
"ஃபேண்டம் ஆஃப் தி ஓபராவோட இரண்டாம் பாகம் லண்டன்ல ஒரே வாரத்துல நின்னுபோச்சு"னு மேல எழுதியிருக்கீங்க. தப்பு சார். அந்த இரண்டாம் பாகமான 'லவ் நெவர் டைஸ்' இசை நாடகம் லண்டன் அடெல்ஃபி தியேட்டர்ல 2010 மார்ச்சுல ஆரம்பிச்சு 2011 ஆகஸ்ட் வரைக்கும் ஓடுச்சு. நியூயார்க்ல இருக்குற பெரிய நாடக அரங்கப் பகுதியான பிராட்வேக்குப் போகலைங்கிறது மட்டும் உண்மை. 2011ல மெல்போர்ன்ல மாத்தியமைச்சுப் போட்டாங்க. அந்த வீடியோ பதிவைத்தான் செல்லூர் வீட்டு மொட்டைமாடியில செல்போன்ல பார்த்தேன். முகமூடி போட்ட நாயகன் ஃபேண்டம் தனியா நின்னு பாடுற பாட்டுல கண் கலங்கிடுச்சு. ஆனா முதல் பாகத்துல நல்ல காதலனா வந்த, நாயகி கிறிஸ்டீனோட புருஷன் ராவுலைக் குடிகாரனா, சூதாடியா ஆக்குனதை இன்னைக்கும் மனசு ஏத்துக்கல. திருவிழாவுல விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவங்க நாம. முருகன் வள்ளியை விட்டுட்டுப் போயிட்டார்னு மறுவருஷம் ஒரு நாடகம் போட்டா, பாயை விரிச்சு யாராவது உட்காருவாங்களா? அந்தக் கோபம் எனக்கும் இருக்கு. அதுக்காக 17 மாசத்துக்கு மேல ஓடுனதை ஒரு வாரம்னு எழுதாதீங்க, தயவுசெஞ்சு திருத்திடுங்க.