அக்கா லீவு போட்ட ஒன்பது நாள்

எங்கள் ஆபீஸுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு கடைக்கு மேலே முதல் மாடி ஹால். ஆறு பேர் வாடகையைப் பங்குபோட்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கிறேன். வீட்டு பிளான் போடும் இன்ஜினியர் ஒருவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், டைப்பிங்கும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து தரும் பெண்கள் இருவர், அப்புறம் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குக் காய் பிடித்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவர். அவர் சீசனுக்கு மட்டும்தான் முழு நேரம். மற்ற மாதங்களில் அவர் நாற்காலியில் எங்கள் பைகள் உட்கார்ந்திருக்கும்.

கூட்டிப் பெருக்க ஒரு அக்கா வருகிறார். நாலு வருஷமாக வருகிறார். காலை ஏழரைக்கு வந்து எட்டரைக்குப் போய்விடுவார். நாங்கள் ஒன்பதரைக்கு மேல் வருகிறவர்கள். அதனால் எங்களில் பாதிப் பேர் அவரைச் சம்பளம் கொடுக்கும் நாளில்தான் பார்ப்போம். ஆளுக்கு முந்நூறு. போன ஜூன் மாதம் மகளுக்குப் பிரசவம் என்று ஒன்பது நாள் லீவு கேட்டார். "தாராளமா போயிட்டு வாங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னது நான்தான். அந்த வாய்க்குத்தான் இந்தப் பதிவு.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் சிங்க்கில் தம்ளர் நிரம்பியது.

தம்ளர் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் டீக்கடையிலிருந்து பேப்பர் கப்பில் வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஊரில் இன்றும் அது கிடைக்கத்தான் செய்கிறது, அது வேறு கதை. நாங்கள் நல்ல பிள்ளைகளாக ஒரு பிளாஸ்க்கும் பன்னிரண்டு எவர்சில்வர் தம்ளரும் வாங்கினோம். யார் கழுவுவது என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய தேவையே வரவில்லை. மறுநாள் காலையில் பன்னிரண்டும் கவிழ்த்து வைத்திருக்கும்.

மூன்றாம் நாள் பன்னிரண்டும் தீர்ந்துவிட்டன. அடியில் டீ காய்ந்து பழுப்பு வளையமாக ஒட்டியிருந்தது. நடுவில் யாரோ தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டுப் போயிருந்ததில் எங்கள் போர்வெல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு தம்ளரில் சர்க்கரை தேடி வந்த எறும்புகள் செத்து மிதந்தன. இன்சூரன்ஸ்காரர் ஒரு கணம் பார்த்தார், பிளாஸ்க் மூடியிலேயே டீயை ஊற்றிக் குடித்தார், மூடியைக் கழுவாமல் திருகி வைத்தார்.

அன்று சாயங்காலம் அந்த இரண்டு பெண்களும் எல்லாவற்றையும் தேய்த்து வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மறுநாள் இன்ஜினியர் பாராட்டுகிற மாதிரி, "நீங்க ரெண்டு பேரும் இருக்கிறதாலதாம்மா இது ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றார். மூத்தவர் தலையைத் தூக்காமலே, "அப்ப நாளையிலிருந்து நாங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க சார்" என்றார். அதற்கு அடுத்த நாள் இருவரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு தம்ளர் கொண்டுவந்து, கழுவித் துடைத்து டிராயரில் பூட்டிக்கொண்டார்கள். பொது ஆபீஸில் நான் பார்த்த ஒரே நியாயமான பூட்டு அதுதான். அவர்களும் எங்களைப் போலவே வாடகையில் ஆறில் ஒரு பங்கு கொடுக்கிறவர்கள். ஆனால் சிங்க் நிறைந்தால் நாங்கள் நாலு ஆண்களும் தன்னாலே அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறோம்.

ஆபீஸ் அழுக்கு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அதில் இரண்டு வகை உண்டு என்பது எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது. ஒன்று தூசு. சென்னை-பெங்களூர் சாலையும், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையும் சேர்கிற ஊர் இது. கிரானைட் கல் ஏற்றிய லாரிக்கும் பஞ்சமில்லை. காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அதில் யார் தப்பும் இல்லை. அதைப் பெருக்கத்தான் அக்காவுக்குச் சம்பளம். இன்னொன்று எச்சில். நான் குடித்த தம்ளர், இன்ஜினியர் தின்ற வேர்க்கடலைத் தோல், அண்ணன் அறுத்துப் போட்ட மாங்கொட்டை, பாத்ரூமில் ஊற்றாமல் வந்த தண்ணீர். இதற்கு நாங்கள் யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. தூசுக்குக் கொடுக்கும் முந்நூறிலேயே எச்சிலையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தோம். நாலு வருஷமாக.

எச்சில் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். அடுத்தவர் எச்சில் என்றால் நமக்கு எவ்வளவு அருவருப்பு! ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். அப்படிப்பட்டவர்கள் நம் எச்சிலை இன்னொருத்தர் எடுப்பதை மட்டும் இயல்பு என்று நினைக்கிறோம். அந்த இன்னொருத்தர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறவர் என்பதில்தான் அந்த இயல்பு இருக்கிறது. விளக்குமாறைத் தொட்டால் ஏதோ குறைந்துவிடும் என்று நினைக்கிற படித்த ஆண்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவனைத் தினமும் ஷேவ் பண்ணும்போது பார்க்கிறேன்.

சரி, பாத்ரூம் கதைக்கு வருவோம். ஐந்தாம் நாள் இன்ஜினியருக்கு ரோஷம் வந்துவிட்டது. கதவைத் திறந்து உள்ளே போனார். டாய்லெட் கழுவும் ஆசிட்டைத் தாராளமாக ஊற்றினார். மஞ்சள் கறை போகவில்லை என்று, மூலையில் இருந்த பிளீச்சிங் பவுடரையும் அதன் மேலேயே அள்ளிக் கொட்டினார். அரை நிமிஷம் ஆகியிருக்காது, கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமியபடி வெளியே ஓடிவந்தார். ஹால் முழுக்கக் காரமான நெடி. ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் படிக்கட்டில் போய் நின்றோம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். பி.இ. படித்தவருக்குத் தெரியவில்லை. அக்கா திரும்பி வந்த பிறகு சொன்னோம். "ஐயோ, ரெண்டையும் ஒண்ணா ஊத்துவாங்களா? ஒரு நாள் அது, ஒரு நாள் இது" என்றார். இந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு எங்கள் படிக்கட்டில் வந்து நின்றிருக்க வேண்டும்.

இருமல் நின்றதும் இன்ஜினியர் மறுபடி உள்ளே போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு பிளான் போட்டுத் தர மாட்டார்.

மாம்பழ அண்ணனையும் விட முடியாது. ஜூன் என்றால் எங்கள் ஊரில் எந்த ஆபீஸிலும் மாம்பழ வாசனைதான். கூழுக்குப் போகிற பெங்களூரா காயை நடு மேஜையில் வைத்து அறுத்து உள்நிறம் பார்ப்பார். செந்தூரா, அல்போன்சா என்று வந்தால் எல்லோருக்கும் ஒரு கீற்று கொடுப்பார், அதனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. தோலும் கொட்டையும் மேஜைக்கு அடியில் உள்ள குப்பைக் கூடைக்குள், என் கிழிந்த சலான்களோடு. சனிக்கிழமை பூட்டிவிட்டுப் போய் திங்கட்கிழமை திறந்தால், கூடையிலிருந்து பொடி ஈ புகை மாதிரி எழுந்தது. நகராட்சி வண்டியில் கொண்டுபோய்க் கொட்டினால், "மக்கறதும் மக்காததும் கலந்து கொடுத்தா எப்படி சார் வாங்கறது" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் அந்த அம்மா. பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். வரி விதிகளை ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், மாங்கொட்டையையும் சலானையும் கையால் பிரித்தேன். ரோட்டு ஓரத்தில். இரண்டு கிளையன்ட் பார்த்தார்கள்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்திருந்தது, நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின ஐப்பசி மழையில் டெங்கு கொசுப்புழு பார்க்கும் பணியாளர்கள் வந்தார்கள். பூந்தொட்டி, மொட்டை மாடி டயர் என்று பார்ப்பார்கள் என நினைத்தோம். அந்தப் பெண் நேராக எங்கள் பழைய பிரிட்ஜை நகர்த்தச் சொன்னார். பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். தெளிந்த தண்ணீரில் நூல் துண்டு மாதிரி புழுக்கள் தலைகீழாகத் தொங்கின, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. சாக்கடையில் வருவது வேறு கொசுவாம், டெங்கு கொசுவுக்கு இந்த மாதிரி தெளிந்த தண்ணீர்தான் வேண்டுமாம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒரு தடவை கொட்டிக் கவிழ்க்கச் சொன்னார். "யார் சார் இங்க பொறுப்பு?" என்று கேட்டார். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

எங்களை மாதிரி ஆபீஸ்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பொறுப்பு வரும். ஆயுத பூஜை. அன்றைக்கு ஃபேன் இறக்கையைக் கூடத் துடைப்போம். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைப்போம், பொரிகடலை பிரிப்போம், வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அப்புறம் அந்தப் பூசணிக்காய்ச் சதை ரோட்டிலேயே கிடக்கும், பைக்கில் வருகிறவன் வழுக்கி விழ. திருஷ்டி கழிந்தது நமக்கு. அந்தப் பூசணிக்காயை எடுப்பதும் எந்தக் கணக்கிலும் வராத வேலை.

என் தங்கை மகன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். எட்டாம் நாள் எதற்கோ வந்தவன், வாசலில் நின்று சிரித்தான். அவர்கள் ஃபேக்டரியில் ஃபைவ் எஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஜப்பானிலிருந்து வந்த முறை. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததை எடு, வேண்டியதற்கு இடம் வை, சுத்தம் செய், அதை வழக்கமாக்கு, விடாமல் பிடி. "சுத்தம் பண்றது மூணாவதுதான் மாமா. நீங்க முதல் ரெண்டும் இல்லாம நேரா விளக்குமாத்துல ஆரம்பிக்கறீங்க. குப்பைக்கு நடுவுல பெருக்கறதுக்குப் பேரு சுத்தமா?" பையன் பேசினது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சரி. எங்கள் அக்கா நாலு வருஷமாக மூன்றாவது எஸ்ஸை மட்டும் செய்துகொண்டிருந்தார், முதல் இரண்டையும் நாங்கள் செய்யவிடவே இல்லை. சாமானைத் தொட்டால் கத்துவோம் என்று பயந்து, அட்டைப்பெட்டிகளைச் சுற்றி மட்டும் பெருக்கியிருக்கிறார். ஒரு பெட்டியை நகர்த்தியபோது, அதன் அடிப்பாகம் அளவுக்கு ஒரு சதுரம் டைல்ஸ் புத்தம் புதுசாகப் பளிச்சென்று இருந்தது.

அவன் சொன்னபடி கேள்விக்குறியான சாமான் எல்லாவற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டினோம். இரண்டு வாரத்துக்குள் உரியவர் வந்து அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே. ஒரு ஹெல்மெட், மூன்று சார்ஜர், ஓடாத பிரிண்டர், யார் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பை நாற்பதுக்கு மேல். அதிக ரிப்பன் யாருடையது என்று கேட்காதீர்கள். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். அதற்கு முந்தின வாட் காலத்து பில் கட்டுகள் என் அலமாரிக்கு மேல் இன்னும் இருந்தன, ராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களோடு. ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களையே, ஆண்டு ரிட்டர்ன் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருந்தால் போதும் என்றுதான் சட்டம், வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் மட்டும் கூடுதல் காலம். கிளையன்ட்டுகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன் நான்.

அவற்றை அப்படியே பழைய பேப்பர் கடையில் போட எனக்கு மனசில்லை. ஒரு தடவை போண்டா மடித்த காகிதத்தில் யாருடைய பான் எண்ணோ எண்ணெயில் பளபளத்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாக் கட்டையும் கிழிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. டைப்பிங் பெண்களில் இளையவர், "சார், ஒரு ஷ்ரெடர் வாங்கிடுங்க" என்றார். வாங்கினோம். ஆறு பங்கு.

பத்தாம் நாள் அக்கா வந்தார், கையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு. பேத்தி பிறந்திருக்கிறாள். அன்று நான் வேண்டுமென்றே ஏழரைக்கே போயிருந்தேன். சிங்க்கைப் பார்த்தார், காலி. பாத்ரூமைப் பார்த்தார். "யாரு சார் புதுசா ஆள் வச்சிட்டீங்களா?" என்று கேட்டபோது அவர் குரலில் இருந்தது மகிழ்ச்சி இல்லை, பயம். அதை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை அக்கா, நாங்களேதான் என்று சொல்லிப் புரியவைக்க நேரம் பிடித்தது. முந்நூறை ஐந்நூறாக்கியிருக்கிறோம். தம்ளர் அவர் வேலை இல்லை என்று சிங்க்குக்கு மேலே எழுதி ஒட்டவில்லை, எழுதி ஒட்டியதை யாரும் படிப்பதில்லை. பன்னிரண்டில் ஆறை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஆளுக்கு ஒன்று, அடியில் பெயர் வெட்டியது, பாத்திரக் கடையில் வெட்டுவார்களே அப்படி. அவரவர் கழுவாவிட்டால் அவரவருக்கு டீ இல்லை. கிளையன்ட் வந்தால் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். என் தம்ளரையே கழுவிக் கொடுக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. மாங்கொட்டை இந்த வருஷமும் ஒரு தடவை காகிதக் கூடைக்குள் போனது. இன்ஜினியர் தன் தம்ளரைச் சாயங்காலம் ஒரே ஒரு தடவைதான் கழுவுகிறார், அது அவர் பாடு. பிரிட்ஜ் தட்டை வெள்ளிக்கிழமைதோறும் கொட்டுகிற முறை இந்த மாதம் இன்சூரன்ஸ்காரருடையது, இன்றைக்குப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பிரிட்ஜின் கீழ்த் தட்டில் பச்சை மூடி போட்ட டப்பா ஒன்று மூன்று வாரமாக இருக்கிறது. உள்ளே இருப்பது சட்னியா, குழம்பா என்று இப்போது சொல்ல முடியாது. ஐந்து பேரும் எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நேற்று ராத்திரி வீட்டில் மனைவி, "பச்சை மூடி டப்பா ஒண்ணக் காணோமே" என்று தேடிக்கொண்டிருந்தாள். நாளைக் காலை சீக்கிரம் போகிறேன்.