உறைந்த வான்கோழியை எண்ணெயில் இறக்கலாமா?

இணையத்தில் ஒருவர், தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்கப் பண்டிகைக்கு முழுதாக எண்ணெயில் பொரிக்கும் வான்கோழி உள்ளே கொஞ்சம் உறைந்திருந்தாலும் பரவாயில்லை, சூடான எண்ணெயே பனியை உருக்கிவிடும் என்று எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் சொல்கிறேன்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பனி உருகும் என்பது சரிதான். ஆனால் எண்ணெய் சுமார் 175 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. உருகிய நீர் உடனே ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. வடைச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே எப்படித் தெறிக்கும்! இங்கே முழுப் பறவையின் வயிற்றுக்குள் பனிக்கட்டி. எண்ணெய் நுரைத்துப் பொங்கி வழிந்து, கீழே எரியும் கேஸ் அடுப்பில் பட்டுத் தீப்பிடிக்கும். அடுப்பறைக்குள்ளோ கார் ஷெட்டிலோ வைத்திருந்தால் வீடே போய்விடும்.

என் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைத் திறந்தவெளியில் செய்து காட்டிய வீடியோக்கள் யூடியூபில் கிடைக்கின்றன. அமெரிக்க வேளாண் துறையும் முழுதாகப் பனி நீக்கிய பிறகே பொரிக்கச் சொல்கிறது. ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஒரு நாள் என்பது அவர்கள் கணக்கு. 5 கிலோ பறவைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். அப்புறம் வயிற்றுக்குள் கைவிட்டுப் பாருங்கள், தொடை இடுக்கையும் தொட்டுப் பாருங்கள். பனி தட்டுப்படக் கூடாது, ஈரத்தையும் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

மொறுமொறு தோலும், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிவதும் ஆசைப்பட வேண்டியவைதான். பனி போக நேரமில்லையென்றால் ஓவனில் வையுங்கள். உறைந்த பறவையை அதில் சமைக்கலாம், ஒன்றரை மடங்கு நேரம் ஆகும்.