செய்மதிப் படமும் மேய்ச்சல் தரையும்: ஒரு திருத்தம்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்து மேய்ச்சல் தரையான மயிலத்தமடு, மாதவனைப் பகுதி செய்மதிப் படத்தில் வெறுமையாகத் தெரிவதால் அது எவரும் பயன்படுத்தாத காணி எனச் சொல்வது தவறு. இலவசமாகக் கிடைக்கும், சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதிப் படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர் நீள அகலம் கொண்டது; அதில் மாடும் தெரியாது, பட்டியடைக்கும் கம்பி வேலியும் தெரியாது. மட்டக்களப்பு வயல்களில் பெரும்போகப் பயிர் நிற்கும் மாதங்களில்தான் பண்ணையாளர்கள் மாடுகளை அங்கே சாய்த்துச் செல்கிறார்கள். வடகீழ்ப் பருவமழை முகில் படத்தை மறைப்பதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். முகிலை ஊடுருவும் சென்டினல்-1 ராடார் படம்கூட நிலத்தின் தோற்றத்தைக் காட்டுமே தவிர, மேய்ச்சல் உரிமை யாருடையது என்பதைக் காட்டாது. (அதைப் பட்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும், வரைபடம் வரைபவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.) காணி வகைப்பாட்டுக்கு எந்தத் திகதிப் படம் பயன்பட்டது என்பதை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரசைகள் கேட்கலாம்.